தளர்வுப் பயிற்சியும் தண்டுவட மரப்பு நோயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மே 30 உலக எம்.எஸ். (தண்டுவட மரப்பு நோய்) நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வெளிவந்த மருத்துவக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நோயின் அறிகுறிகள், எம்.ஆர்.ஐ. பரிசோதனை, புதிய மருந்துகள் ஆகியவற்றைப் பற்றித் தெளிவாக எழுதியிருந்த மருத்துவர், ‘நோயாளிகள் மன இறுக்கத்தைத் தவிர்த்துத் தளர்வாக இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்’ என்று கடைசிப் பத்தியில் ஒரே வரியில் முடித்திருந்தார். 2009-ஆம் ஆண்டிலிருந்து இந்த நோயுடன் வாழ்ந்துவரும் எனக்கு அந்த வரி புதிதன்று. மருத்துவர்களும் உறவினர்களும் வீட்டுக்கு வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிறவர்களும் அதைத் தவறாமல் சொல்கிறார்கள். எவ்வாறு தளர்வது என்று உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்களை எண்ணுவதற்கு ஒரு கையின் விரல்களே அதிகம். அந்த ஒரு வரியைச் சற்று விரித்து எழுதவே இக்கடிதம்.

நான் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் கணித ஆசிரியையாகப் பணியாற்றி, உடல்நிலை காரணமாக முன்கூட்டியே ஓய்வு பெற்றவள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயரைச் சுருக்கி எம்.எஸ். என்கிறார்கள், தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று குறிக்கப்படுகிறது. தமிழ்ப் பெயரைக் கேட்பவர்கள் இதை முதுகுவலியின் ஒரு வகை என்றே எண்ணிக்கொள்கிறார்கள் என்பது என் சிறிய மனக்குறை. உண்மையில் தண்டுவடத்தோடு மூளையும் கண் நரம்புகளும் இதில் தாக்கப்படுகின்றன. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்னும் உறையை அரித்துவிடுகிறது. கிணற்று மோட்டாருக்குப் போகும் ஒயரின் மேலுறையை எலி கடித்துவிட்டால் மோட்டார் சில சமயம் ஓடும், சில சமயம் திணறும், சில சமயம் நின்றே போகும் அல்லவா, எங்கள் கை கால்களும் கண்களும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன. 1868-இல் பாரிஸ் மருத்துவர் ஷார்கோ இதைத் தனியொரு நோயாக வரையறுத்தார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று.

மன அழுத்தத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டேவிட் மோர் என்ற உளவியலாளரின் குழுவினர் 14 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2004-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வாழ்க்கையில் அழுத்தம் தரும் நிகழ்வுகளுக்குப் பின் நோய் மறுபடி தலைதூக்கும் வாய்ப்புக் கூடுவதை அவர்கள் கண்டனர். அதே கட்டுரையில், குறிப்பிட்ட ஒரு கவலைக்கும் குறிப்பிட்ட ஒரு பாதிப்புக்கும் முடிச்சுப் போட இந்த முடிவுகள் இடம் தரவில்லை என்றும், நோயாளியே தன் பாதிப்புக்குப் பொறுப்பு என்று இதைக்கொண்டு யாரும் கருதக் கூடாது என்றும் எழுதியிருந்தனர். முதல் பாதியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டாவது பாதியை யாரும் சொல்வதில்லை. ‘அவ எதையும் மனசுக்குள்ளயே போட்டு வெச்சுக்குவா, அதுதான் இப்படி ஆயிருச்சு’ என்று ஒரு திருமண வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். தளர்வுப் பயிற்சியைப் பற்றி எழுதும் எவரும், அது நோயாளியின் மேல் இன்னொரு பழியாக வந்து விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தளர்தல் என்பது சும்மா இருத்தல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வீட்டில் முதன்முதலாகப் பாய் விரித்துப் பயிற்சி செய்தபோது என் மாமியார், ‘ஏன் அம்மிணி, சும்மா படுத்துட்டு மூச்சு உடறதுக்கெல்லாம் ஒரு படிப்பா?’ என்று கேட்டார். விடியுமுன் எழுந்து பால் கறந்து, வாசல் தெளித்து, வயலுக்கும் போய்வந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். அந்தக் கேள்வியில் குற்றம் ஏதுமில்லை. ஆனால் படுத்துக்கிடக்கும் உடலும் தளர்ந்த உடலும் ஒன்றல்ல என்பதைச் சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920-களிலேயே தசைகளின் மின்னோட்டத்தை அளந்து ஆராய்ந்திருக்கிறார். ஓய்வாகப் படுத்திருப்பதாக நம்புகிறவரின் தாடையிலும் தோளிலும் நெற்றியிலும் இறுக்கம் மிஞ்சியிருக்கும். ஒரு தசைத் தொகுதியைச் சில விநாடிகள் வேண்டுமென்றே இறுக்கி, பிறகு சட்டென்று விட்டுவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனித்துப் பழக வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. படிப்படியான தசைத் தளர்வுப் பயிற்சி என்ற பெயரில் இன்றும் உலகெங்கும் கற்றுத்தரப்படுவது அதுவே.

பிறருக்கு வகுத்ததை அப்படியே எங்களிடம் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், தகரக் கூரை போட்ட மண்டபம் ஒன்றில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போனேன். நடத்தியவர் நல்லெண்ணம் கொண்டவர். எல்லோரையும் ஒரே நேரத்தில் கெண்டைக்கால் தசையை முழுப் பலத்துடன் இறுக்கச் சொன்னார். எம்.எஸ். உள்ள பலருக்குக் கால் தசைகளில் ஏற்கெனவே விறைப்பு உண்டு. இறுக்கிய என் வலது கால் விட மறுத்தது. முட்டி மடங்காமல் நீண்டு, பாதம் தன்பாட்டுக்கு உதறத் தொடங்கியது. அடுத்து, கழுத்தை முன்னால் வளைத்துத் தாடையை மார்பில் பதிக்கச் சொன்னார். அப்படி வளைத்ததும் முதுகுத்தண்டு வழியே மின்சாரம் பாய்வதுபோல் ஓர் உணர்வு கால்வரை இறங்கியது. அரை மணி நேரத்தில் இடது கண்ணில் பார்வை மங்கி, எதிரே இருந்தவர்கள் புகைக்குள் நிற்பதுபோல் தெரிந்தார்கள். நோய் மறுபடி தாக்கிவிட்டது என்று அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

மறுநாள் என் நரம்பியல் மருத்துவர் தொலைபேசியில் இரண்டே கேள்விகள் கேட்டார்: அறைக்குள் எவ்வளவு வெக்கை, பார்வை எப்போது திரும்பியது. வீட்டுக்கு வந்து ஈரத் துணியைப் பிடரியில் போட்டு மின்விசிறிக்கு அடியில் படுத்த ஒரு மணி நேரத்தில் பார்வை தெளிந்திருந்தது. உறை கழன்ற நரம்பில், உடல் வெப்பம் அரை டிகிரி உயர்ந்தாலே செய்தி கடத்துவது தடைபடலாம் என்று அவர் விளக்கினார். உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊத்தோஃப் 1890-இல் விவரித்தார். உடல் சூடுதான் காரணம் என்பது பின்னாளில் தெளிவானது. உடல் குளிர்ந்தால் இது தானே சரியாகிவிடும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய அறிகுறி ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் நோயின் மறுதாக்குதல் என்று ஐயப்பட வேண்டும். இந்த வேறுபாட்டை நோய் கண்டறிந்த அன்றே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்திருந்தால், என்னைப் போன்றவர்கள் எத்தனை இரவுகள் தூங்கியிருப்பார்கள்.

ஆகவே கொங்கு நாட்டில் எம்.எஸ். உள்ளவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி என்றால் முதலில் பேச வேண்டியது வெயிலைப் பற்றி. ஈரோட்டிலும் கரூரிலும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. பயிற்சியை விடியற்காலையிலோ, வெயில் தாழ்ந்து சுவர்ச் சூடு இறங்கிய பிறகோ வைத்துக்கொள்ள வேண்டும். கனத்த போர்வை, மூடிய அறை, நீராவிக் குளியல் ஆகியவை மற்றவர்களுக்குச் சுகம். எங்களில் பலருக்கு ஆகாதவை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் மரபை விட்டுவிட நான் சொல்லவில்லை, அண்டாவில் கொதிக்கும் நீரை வெதுவெதுப்பாக விளாவிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கியதும் என் கால்கள் எனக்குத் திரும்பக் கிடைத்ததுபோல் இருக்கும். அந்தக் காற்றுக் காலத்தில்தான் நான் எந்தப் புதிய பயிற்சியையும் தொடங்குவது வழக்கம்.

பயிற்சி முறைகளில் எனக்கு நீடித்த பயன் தந்தது மூச்சே. கால்களை நீட்டி, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொள்வேன். நான்கு எண்ணும் வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுவேன். இடையில் மூச்சை அடக்குவதில்லை. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெல்லத் தணிகிறது என்பதை நாடி பிடித்தே அறியலாம். ஒரு செய்தியைப் பயிற்சியாளர்கள் அறிந்திருக்க வேண்டும்: எங்களில் சிலருக்கு விலா எலும்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியதுபோன்ற வேதனை அவ்வப்போது வரும். அந்த நேரத்தில் ‘நன்றாக ஆழமாக இழுங்கள்’ என்று ஊக்குவித்தால் பதற்றம்தான் கூடும். இழுப்பதை மறந்துவிட்டு, விடுவதை மட்டும் நீட்டச் சொன்னால் போதும். இன்னொன்றையும் கூச்சமின்றி எழுதுகிறேன்: உடல் தளரும்போது சிறுநீர் அவசரம் வரக்கூடும் என்பதால், போய்வந்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும், கழிப்பறை தொலைவில் இருக்கும் இடத்தில் எங்களுக்குத் தளர்வு வராது.

தசைத் தளர்வு முறையையும் நான் கைவிடவில்லை. கைகள், தோள்கள், முகம் ஆகியவற்றில் மட்டும் ஐந்து விநாடி மிதமாக இறுக்கி, அரை நிமிடம் விட்டுவிடுகிறேன். கால்களை இறுக்குவதே இல்லை. அவற்றின் மேல் கவனத்தைக் கொண்டுபோய், விடும் பாதியை மட்டும் மனத்தால் செய்கிறேன். விறைப்பு மிகுந்தவர்கள் இதைத் தங்கள் இயன்முறை சிகிச்சையாளரிடம் ஒருமுறை செய்துகாட்டிவிட்டுத் தொடர்வது நல்லது.

ஜெர்மானிய மருத்துவர் யோகன்னஸ் ஷூல்ட்ஸ் 1932-இல் வெளியிட்ட தன்னியக்கப் பயிற்சி என்றொரு முறையும் உண்டு. ‘என் கால் கனக்கிறது, என் கால் சூடாகிறது’ என்று மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டும். கால் கனப்பதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. சூட்டைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். அதனால் நான் அந்தச் சொற்களை மாற்றிக்கொண்டேன். கொடிவேரி அணையில் பவானி நீர் மெல்லிய திரைபோல் வழிகிறது, அது தடப்பள்ளி வாய்க்காலில் புகுந்து வருகிறது, கரையில் அமர்ந்து கணுக்கால் வரை நனைத்திருக்கிறேன், நாற்றங்காலின் மேல் காற்று வருகிறது என்று படம் படமாக எண்ணிக்கொள்வேன். இதற்கென்று கைபேசியில் கிடைத்த ஒலிப்பதிவுகளில் பனி மூடிய காடும் கணப்படுப்பும் வந்தன. பனியையும் கணப்பையும் கண்டறியாத நான் அவற்றைக் கற்பனை செய்யவே பாடுபட வேண்டியிருந்தது. கடைசியில் என் குரலிலேயே, வகுப்பறைத் தமிழில், பன்னிரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்றைச் செய்துகொண்டேன். தூக்கம் வராத இரவுகளில் அதைத்தான் போட்டுக்கொள்கிறேன்.

இவற்றால் என்ன பயன் என்பதற்குச் சான்று கேட்பவர்கள் கேட்கட்டும்; கணக்கு ஆசிரியையான நானும் அதைத்தான் கேட்டேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-ஜின் 1979-இல் தொடங்கிய எட்டு வார விழிப்புணர்வுப் பயிற்சியை (அந்தந்தக் கணத்தில் மனத்தை நிறுத்தப் பழக்கும் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ முறை), சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 150 எம்.எஸ். நோயாளிகளைக் கொண்டு சோதித்து, 2010-இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடப் பயிற்சியும் பெற்றவர்களுக்கு அசதியும் மனச்சோர்வும் குறைந்து, வாழ்க்கைத்தரம் உயர்ந்தது. ஆறு மாதங்களுக்குப் பின்னும் அந்தப் பலன் பெருமளவு நின்றது. 2004-இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 69 எம்.எஸ். நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வில், ஆறு மாதம் யோகா செய்தவர்களுக்கும், நிலையான மிதிவண்டியில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களைவிட அசதி குறைந்தது. இரு பிரிவினருக்கும் பலன் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். யோகாவுக்கென்று தனி மகிமை எதையும் அந்த ஆய்வு நிறுவவில்லை. நினைவாற்றல், கவனம் ஆகியவற்றிலும் முன்னேற்றம் தென்படவில்லை. மேலே சொன்ன டேவிட் மோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. 121 பேரில் மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி பெற்றவர்களுக்கு, பயிற்சி நடந்த 24 வாரங்களில் மூளையில் நோய் தாக்கிய புதிய தழும்புகள் தோன்றுவது குறைந்திருப்பது எம்.ஆர்.ஐ. படங்களில் தெரிந்தது. பயிற்சி முடிந்த பிறகு அந்த வேறுபாடு நிலைக்கவில்லை. பல் துலக்குவதை நிறுத்தினால் என்ன ஆகுமோ அதுவே இங்கும் என்று நான் புரிந்துகொண்டேன். பாடமாக ஒருமுறை கேட்டுவிட்டு வருவதால் பயனில்லை.

இந்த முடிவுகளை வைத்துக்கொண்டு, ‘மூச்சுப் பயிற்சி போதும், ஊசி மருந்து வேண்டாம்’ என்று முகாம்களில் பேசுகிறவர்களைப் பற்றிக் கடுமையாகவே எழுத விரும்புகிறேன். நோய் எதிர்ப்பு மண்டலத்தின் தாக்குதலைக் கட்டுப்படுத்தும் மருந்துகளின் வேலையை எந்தத் தளர்வுப் பயிற்சியும் செய்வதில்லை. மருந்துகள் விலை மிக்கவை, ஊசி போட்ட இரவில் காய்ச்சலும் உடல்வலியும் வரும், வெளியே பார்த்தால் ஒன்றும் இல்லாததுபோல் இருக்கும் மாதங்கள் இடையிடையே வரும். அந்த மாதங்களில் ‘நிறுத்திப் பாருங்களேன்’ என்ற சொல் காதுக்கு மிக இனிமையாக இருக்கும். எனக்கும் இருந்தது. அவ்வாறு நிறுத்திய ஒருவரை நான் அறிவேன். அவருடைய ஒரு கண்ணின் பார்வை முழுமையாகத் திரும்பவில்லை.

இனி, இந்தப் பகுதியில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறேன். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறைத் தலைமையிடமாகக் கொண்டு வேதாத்திரி மகரிஷி வளர்த்த, உடற்பயிற்சியும் தியானமும் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றங்கள் கொங்குப் பகுதியின் சிற்றூர்களில்கூட இருக்கின்றன. அவர் வகுத்த எளியமுறை உடற்பயிற்சியின் நிறைவில் உடல் தளர்த்துதல் என்ற பகுதி உள்ளது. எங்கள் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் அதை அறிவார்கள். கற்பிப்பவர்களுக்குப் பஞ்சமில்லாத இந்த மண்ணில், கழுத்தை வளைக்க வைக்காமலும் கால்களை இறுக்க வைக்காமலும் நாற்காலியில் அமர்ந்தபடி செய்யவும் இடம் தருகிற ஒரு வடிவத்தை, நரம்பியல் மருத்துவர் ஒருவரின் துணையுடன் வகுத்துக்கொள்வது பெரிய வேலையன்று. மாடிப்படி ஏறாமல் தரைத்தளத்தில், மின்விசிறிக்கு அடியில், காலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு இருந்தால் போதும்.

வீட்டை விட்டு வர இயலாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. அதன்கீழ் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் கை கால்களை நீட்டி மடக்கிவிடும் நேரத்தோடு கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்கி, மூச்சையும் தளர்வையும் நோயாளிக்கும், முக்கியமாக அவரைப் பராமரிக்கும் குடும்பத்தாருக்கும் கற்றுத்தர வேண்டும் என்று சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். என் கணவர் இரவில் மூன்று முறை எழுந்து என்னைத் திருப்பிப் படுக்கவைத்த காலத்தில், தளர்வு என்னைவிட அவருக்கே தேவைப்பட்டது. அவரிடம் ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்றுகூட யாரும் சொல்லவில்லை.

கோவை வானொலி நிலையத்தாருக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு விண்ணப்பம். விடியற்காலை நிகழ்ச்சிகளுக்கு இடையில், மருத்துவர் ஒருவர் பார்த்துச் சரிசெய்த தளர்வுப் பயிற்சியை நிதானமான தமிழில் பத்து நிமிடம் ஒலிபரப்பினால், கைபேசியைக் கையில் பிடிக்க முடியாதவர்களும் படுத்தபடியே கேட்டுச் செய்வார்கள். இது எம்.எஸ். நோயாளிகளுக்கு மட்டுமின்றி, பக்கவாதத்தால் படுத்திருப்பவர்களுக்கும் ஓரளவு உதவும். என் பன்னிரண்டு நிமிட ஒலிப்பதிவில் பின்னணியில் சேவல் கூவுவதும் குக்கர் விசில் அடிப்பதும் கேட்கும். அதைப் பொருட்படுத்தாதவர்களுக்கு அதன் படியைத் தரத் தயாராக இருக்கிறேன். தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பவர்களின் கடிதங்களை எனக்கு அனுப்பிவைத்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.